ஒர்மெத்தில் ஒரு வரிசை

எங்கள் ஊரில் மனிதனைவிட மண்ணுக்குத்தான் சாதி அதிகம். நெடுஞ்சாலைக்குக் கீழே விளைந்த ஒயினின் லேபிளில் ஊர்ப் பேரைக்கூடப் போட முடியாது. சாலையைத் தாண்டினால் ஊர்ப் பேர் கிடைக்கும். இன்னும் ஏறினால் ஊர்ப் பேரோடு தோட்டத்துப் பேரும் சேரும். அதற்கும் மேலே, காட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை ஓடுகிறது. அதுதான் உச்சத் தரம். அங்கே தோட்டத்துப் பேர் ஒன்றே போதும். ஊர்ப் பேரைச் சேர்ப்பது கௌரவக் குறைச்சல். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவில் ஒரு வண்டித்தடம்தான் இருக்கும். ஆனால் தடத்துக்கு மேலே நிற்கிறவன் கீழே நிற்கிறவனுக்குக் காலை வணக்கம் சொல்லும் குரலே வேறு.

நான் மேற்கே மொர்வான் மலையில் பிறந்தவள். அங்கே மண் என்றால் உருளைக்கிழங்குக்கும் பன்றிக்கும் ஆனது, அவ்வளவுதான். பீப்பாய் செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் காரை நிறுத்தி, மேல்தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை. அறுவடைக் காலத்தில் மோர்லே வீட்டில் பழம் பறிக்கிறவர்களுக்குச் சமைப்பது என் வேலை. மற்ற நாட்களிலும் அந்த வீட்டு அடுப்படியில்தான் பாதிப் பொழுது போகும். அதனால் நடந்ததை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அனத்தோல் மோர்லேக்கும் அவன் மனைவி ஒடீலுக்கும் சாலைக்குக் கீழே கொஞ்சம் சொந்தத் தோட்டம் இருந்தது. அதை யாரும் மதிக்கமாட்டார்கள். ஒர்மெத் என்கிற உச்சத் தரத் தோட்டத்தில் சில வரிசைகள் அவர்கள் கையில் இருந்தன, சொந்தமாக அல்ல, பாதிவாரத்துக்கு. உழைப்பு இவர்களுடையது, நிலம் திஜோன் நகரத்து மதாம் லாகுருடையது. விளைந்த ஒயினில் பாதிப் பீப்பாய்கள் அவளுக்கு, பாதி இவர்களுக்கு. ஆனால் அந்தப் பாதியை வைத்துத்தான் மொத்தக் குடும்பமும் நடந்தது. ஒர்மெத் வேண்டுமென்று வருகிற வியாபாரி, முகம் சுளித்துக்கொண்டாவது கீழ்த்தோட்டத்து ஒயினையும் சேர்த்து எடுத்துக்கொள்வான். ஒர்மெத் இல்லையென்றால் மோர்லே வீட்டுக் கதவை ஒருத்தனும் தட்டமாட்டான்.

அந்த வருஷம் நவம்பரில், புனித மார்த்தேன் நாளில், அந்தப் பாதிவாரக் குத்தகை முடிகிறது. எங்கள் பக்கத்துக் குத்தகைகளெல்லாம் அன்றைக்குத்தான் முடியும், அன்றைக்குத்தான் தொடங்கும். அனத்தோலுக்கு ஓய்வு பெறும் வயது தாண்டிவிட்டது. அப்படி ஆனால் நிலக்காரி காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று விடலாம். மனமிருந்தால் மனைவி பேருக்கு மாற்றி எழுதலாம். ஒரே மகள் கடலோரத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். அவளுக்குத் திராட்சை என்றால் தட்டில் வைத்துச் சாப்பிடுவது மட்டும்தான்.

ஒர்மெத்தில் இவர்களுடைய வரிசைகளுக்கு இரண்டு பக்கமும் திதியே வோஷேயின் வரிசைகள். திதியேவுக்கு நாற்பது வயதிருக்கும். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நடுவிலிருக்கும் அந்தச் சில வரிசைகள் தனக்குக் கிடைத்தால் துண்டில்லாமல் ஒரே நிலமாகிவிடும் என்று அவன் ஆசைப்பட்டான். இந்த ஊரில் அது ஆசைகூட இல்லை, மூச்சு விடுவது மாதிரி. மதாம் லாகுருக்கு ஈஸ்டருக்கு ஒரு பெட்டி, கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி என்று அவன் ஒயின் அனுப்பிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

முந்தைய குளிர்காலத்திலேயே அனத்தோலைப் பார்த்து ஒடீலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோழி உரித்துக்கொண்டிருந்தோம். இறகைப் பிடுங்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நேத்து இந்த மனுஷன் ஒரு வரிசைய வெட்டி முடிச்சிட்டாரு லியோனி. சாப்பிட்டுட்டுப் போயி அதே வரிசைய மறுபடி கீழேருந்து ஆரம்பிக்கிறாரு. வெட்டுன கொடி முன்னால நின்னுக்கிட்டு எத வெட்டுறதுன்னு பாக்குறாரு."

"வயசாச்சுல்ல. எனக்கும்தான் உப்பு போட்டமா இல்லயான்னு மறந்து போவுது."

"உப்பு வேற. இது வேற."

அவள் சொன்னது சரி. அனத்தோலின் கைக்கு எதுவும் மறக்கவில்லை. கத்தரியைக் கொடுத்து ஒரு கொடி முன்னால் நிறுத்தினால், எந்தக் கிளையை விடுவது, எத்தனை மொட்டுக்கண் விடுவது என்று அந்தக் கை தானாகவே முடிவு செய்யும். தான் எங்கே நிற்கிறோம் என்பதுதான் அவனுக்கு நழுவிக்கொண்டிருந்தது. அடுப்படிக்கு வந்து நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் என்னைத் திட்டிவிட்டுப் போவான். நான் திட்டு வாங்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். யாரிடமும் சொல்லாதே என்றாள் ஒடீல். நான் சொல்லவில்லை.

வசந்தமும் கோடையும் அவள் நிழல் மாதிரி அவன் பின்னாலேயே திரிந்தாள். தளிர் கிள்ளும்போது அடுத்த வரிசையில் நின்றுகொண்டாள். மருந்தடிக்கிற அன்று கலவையை அவளே கலந்துவிட்டு, அவன் கலந்ததாகவே பேசுவாள். டிராக்டர் சாவியை அவள் வைத்துக்கொண்டு, தொலைந்துவிட்டது என்றாள். ஊரில், ஒடீலுக்கு வயதான காலத்தில் புருஷன் மேல் ஆசை முற்றிவிட்டது என்று கேலி பேசினார்கள். அவளும் அதற்குச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செப்டம்பரில் அறுவடை வந்தது. ஒர்மெத்தைப் பறிக்கிற நாள்தான் அந்த வீட்டில் பெரிய நாள். மேல்தோட்டத்தில் வேலி கிடையாது. வரிசைக்கு வரிசை ஒரே மாதிரிக் கம்பம், ஒரே மாதிரிக் கம்பி, ஒரே மாதிரி இலை. நடுவில் எங்கேயோ புல்லுக்குள் ஒரு எல்லைக் கல் கிடக்கும். அதிலிருந்து எண்ணிப் போக வேண்டியதுதான். முதல் நாள் சாயங்காலம் ஒடீல் போய்த் தங்கள் முதல் வரிசையின் கம்பத்தில் நீலக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு வந்தாள். காலையில் தானே முன்னால் போய்ப் பறிக்கிறவர்களை நிறுத்துவதாகத்தான் திட்டம்.

காலையில் நல்ல மூடுபனி. பறிக்கிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வடக்கிலிருந்து வந்த சுரங்கக்காரக் குடும்பங்கள், கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள். அந்த நேரம் பார்த்து நொதிக்கிற தொட்டியின் பம்பு நின்றுவிட்டது. முந்தின நாள் பறித்த கீழ்த்தோட்டத்துப் பழம் அதற்குள் கிடந்தது. விட்டால் அத்தனையும் சூடேறிக் கெடும். ஒடீல் முழங்கை வரை சாறாக நின்றுகொண்டு, மெக்கானிக் வருகிற வரைக்கும் நகர முடியாது என்றாள். கொஞ்சம் பொறுங்கள், நான் வருகிறேன் என்று அனத்தோலிடம் இரண்டு தரம் சொன்னாள்.

ஒர்மெத்தைப் பறிக்கிற நாளில் எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டிக்காகக் காத்திருப்பான்? கூடைகளை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான். பனிக்குள் அவன் தொப்பி மறைகிற வரைக்கும் நான் கதவில் நின்று பார்த்தேன். நடை நேராகத்தான் இருந்தது.

பத்து மணிக்குப் பம்பு ஓடியது. ஒடீல் கையைக்கூடத் துடைக்காமல் மேலே ஓடினாள். பறிக்கிறவர்களுக்கு இடைச்சாப்பாட்டுக் கூடை கொண்டுபோக வேண்டியிருந்ததால் நானும் பின்னால் போனேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பனி விலகிவிட்டது. திதியே வோஷே தன் வரிசையின் தலைமாட்டில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த வரிசையில் ஒரு குலை இல்லை. பக்கத்தில் மோர்லே வரிசை ஒன்று, முதலாவது, தொடாமல் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கயிறு கீழே புல்லில் கிடந்தது. யாரோ என் தோட்டத்தில் குப்பையைக் கட்டிவைத்திருக்கிறான் என்று அனத்தோலே பிய்த்து எறிந்ததாகப் பறிக்கிற பெண் ஒருத்தி என் காதில் சொன்னாள்.

வரிசை மாறிப் பறிப்பது எங்கள் ஊரில் குற்றமில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் யாராவது செய்வார்கள். அதற்கென்று வழக்கம் இருக்கிறது. போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை. தராசு வரும். பறித்த அளவு பழத்தைத் தன் வரிசையிலிருந்து எடுத்து நிறுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேலே ஒரு நல்ல பாட்டில் திறக்க வேண்டும். ஜனவரியில் திராட்சைக் கொடிக்காரர்களின் விருந்தில் எல்லோரும் அவனைப் போட்டு வறுத்தெடுப்பார்கள். அத்தோடு முடிந்தது. ஆனால் அப்படி மாறுவது எப்போதும் புதிதாக வந்த கூலியாளோ, மருமகனோதான். அந்த வரிசையைத் தானே நட்டு, நாற்பது வருஷம் குனிந்து நிமிர்ந்த மனிதன் மாறுவதில்லை. மாறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

திதியே கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அனத்தோலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"பெரியவரே, ஆளுங்கள இங்க நிறுத்துனது யாரு?"

அனத்தோலின் பார்வை அந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் போய்ப்போய் வந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை.

"நான்தான்," என்றாள் ஒடீல். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "காலையில பனியில வந்து காட்டிட்டுப் போனேன். எண்ணிக்கை தப்பிப் போச்சு. இவரு அப்பவே சொன்னாரு, இது இல்லன்னு. நான்தான் கேக்கல."

பறிக்கிறவர்கள் அத்தனை பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அவள் காலையில் அங்கே வரவேயில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். சுரங்கக்காரன் ஒருவன் மட்டும் இருமிக்கொண்டான். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அந்த வடக்கத்தியார்களை நான் மதிக்கிறேன்.

திதியே அவளை நம்பினானா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நம்பத்தான் செய்தான் என்று பிறகு தெரிந்தது. தராசைக் கொண்டுவாருங்கள் என்றான். தொடாமல் விட்டிருந்த அந்த வரிசையைப் பறித்து அவனுக்கு நிறுத்துக் கொடுத்தோம். போதவில்லை. அடுத்த வரிசையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தோம். அதுவரைக்கும் அனத்தோல் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தராசு போன பிறகு எழுந்து ஒடீலிடம் வந்தான்.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? நான் சொன்னேன்ல?"

"சொன்ன," என்றாள் அவள்.

மதியச் சாப்பாட்டில் அவன் முழுசாகத் தேறிவிட்டான். இரவெல்லாம் ஒயினில் ஊறப்போட்டு வேகவைத்த மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கடைசியில் எங்கள் பக்கத்து நாற்றமடிக்கிற பாலாடைக்கட்டி. நீள மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மனைவி வரிசை மாற்றிய கதையை அனத்தோல் சொன்னான். காலையில் தான் எச்சரித்தது, அவள் கையை ஆட்டி மறுத்தது, பனி எப்படி இருந்தது, எல்லாம் சொன்னான். நடக்காத ஒன்றை இத்தனை விவரமாகச் சொல்கிறவன் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவன் அதை நம்பினான். அது அவனுக்குள் போய், நிஜமாக நடந்ததன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒடீல் எல்லோருடைய தட்டிலும் கறியைப் போட்டுக்கொண்டே, ஆமாம், என் கண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

கதை ஊர் முழுக்கப் போயிற்று. எங்கள் ஊரில் அது மாதிரிக் கதைக்குக் கால் தேவையில்லை. ரொட்டிக் கடையில் ஒடீல் வரிசையில் நின்றால், பார்த்து நில்லு, இது உன் வரிசைதானா என்று கேட்பார்கள். அவளும் திரும்பி ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். திராட்சைக்குள்ளேயே பிறந்தவள் அவள். அனத்தோல் ராணுவத்தில் இருந்த காலத்தில் ஒர்மெத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தவள். அந்தப் பேரை ஒரே காலையில் அவள் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இப்படி எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். மார்த்தேன் நாள் வரைக்கும் என்றாள். மதாம் லாகுர் கிழவி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். அவருக்கு மூளை சரியில்லை என்று தெரிந்தால் குத்தகை திதியேவுக்குப் போய்விடும். எனக்குக் கிறுக்கு என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். இதுதான் அவள் கணக்கு. அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

மதாம் லாகுர் மார்த்தேன் நாளன்று மத்தியானம் மகனுடைய காரில் வந்தாள். எண்பது வயதுக்காரி, கறுப்புக் கையுறை, ஆண்பிள்ளைத் தொப்பி. மழை தூறிக்கொண்டிருந்தது. கொடியெல்லாம் இலை உதிர்ந்து நின்றது. கடுகு பூசிய முயல்கறி சமைத்திருந்தேன், கிழவிக்கு அது பிடிக்கும். மகன் சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்து வானொலி கேட்டான். மேசையில் கிழவியும் அனத்தோலும் ஒடீலும். நான் பரிமாறிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றேன்.

அனத்தோல் அன்றைக்கு மிக நன்றாக இருந்தான். ஷேவ் செய்து, கழுத்துப்பட்டை கட்டி, மழையைப் பற்றியும் நொதிப்பைப் பற்றியும் கோர்வையாகப் பேசினான். ஒடீலின் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்தேன். பீப்பாயிலிருந்து புது ஒயினைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வந்து கொடுத்தோம். கிழவி வாயில் வைத்துச் சுழற்றி, நல்லா வந்திருக்கு என்றாள். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒடீல், நேராவே பேசிடறேன். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது."

"பேசுங்க மதாம்."

"இவருக்கு ஒடம்புக்கு என்னன்னு எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு வந்தப்ப என் வீட்டுக்காரர் சௌக்கியமான்னு ரெண்டு தடவ விசாரிச்சாரு. அவரோட சவப்பெட்டியத் தூக்குன ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர்." அனத்தோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவன் அங்கே இல்லாத மாதிரி அவள் பேசினாள். பெரிய மனுஷிகளுக்கு அது வரும். "அத வச்சு நான் உங்கள விடல. ஜூலையில திதியே வந்து கேட்டான். முடியாதுன்னு அனுப்பிட்டேன். ஒடீல் இருக்கா, உழைக்கிற கை அவளோடது, அவ பேருலயே எழுதிடலாம்னு நெனச்சேன். அதுக்குத்தான் இன்னிக்கி வர்றதாவும் இருந்தேன்."

ஒடீல் கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தாள்.

"அதுக்குள்ள ஊரே சொல்லுது, ஒடீலுக்குத் தன்னோட வரிசையே தெரியலன்னு. பக்கத்துக்காரன் வரிசைய மொட்டையடிச்சிட்டான்னு. இவருக்கும் முடியல, உனக்கும் தெரியலன்னா நான் யார நம்பி விடுறது? நீயே சொல்லு. அன்னிக்கி ஆளுங்கள நிறுத்துனது நீதானா?"

எனக்கு அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது. சமையல்காரி வாய் திறக்கக் கூடாத இடம்தான். திறந்துவிட்டேன்.

"அவ இல்ல மதாம். அவ காலையில இங்க பம்பு கிட்ட நின்னா. நான் சாட்சி. பறிச்சவங்க எல்லாரும் சாட்சி."

மதாம் லாகுர் என்னைப் பார்க்கவில்லை. ஒடீலைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெடுதல் இல்லை. சொல்லிவிடு, முடித்துவிடலாம் என்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஒர்மெத் அவள் பேருக்கு வந்துவிடும். கீழ்த்தோட்டம் பிழைக்கும், வீடு பிழைக்கும், ஊரில் அவள் இழந்த பேரும் திரும்பிவிடும். சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்தினேன்.

அனத்தோல் மெல்லுவதை நிறுத்திவிட்டான். கழுத்துப்பட்டையில் கடுகுச் சாறு ஒரு சொட்டு விழுந்திருந்தது. கிழவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒடீலின் பக்கம் திரும்பினான். அவன் குரல் சின்னதாகிவிட்டது.

"நான் இல்லல்ல, ஒடீல்? அது நான் இல்லல்ல?"

அத்தனை மாதங்களில் அவன் தன்னைப் பற்றிச் சந்தேகப்பட்டுக் கேட்டது அது ஒரு தரம்தான். அவன் கை மேசைவிரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ இல்ல," என்றாள் ஒடீல். "நீ ஏன் அப்படிச் செய்யப் போற? நான்தான் செஞ்சேன்." பிறகு கிழவியைப் பார்த்து, "லியோனிக்கு என் மேல பாசம். அதுல பேசுறா. நான்தான் நிறுத்துனேன் மதாம்," என்றாள்.

மதாம் லாகுர் முட்டாள் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் புரிந்ததை வைத்து அவள் எதுவும் செய்யவில்லை.

"நீ சொன்னதத்தான் நான் எடுத்துக்க முடியும்," என்றாள். வாய் துடைக்கிற துணியை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முயல்கறி நன்றாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள். கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கார் திதியே வீட்டுப் பக்கம் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

அனத்தோல் நாற்காலியிலேயே தூங்கிப்போன பிறகு, அடுப்படியில் நான் ஒடீலைப் பிடித்து உலுக்கினேன். ஏன்டி இப்படிச் செய்தாய், கிழவி தட்டில் வைத்துக் கொடுத்தாளே என்று கேட்டேன்.

"அவரு என்னப் பாத்து கேட்டாரு லியோனி. நீ பாக்கல."

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் என்கிட்ட கேக்குற?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் கோபத்தில்.

வியாபாரிகள் அந்தக் குளிர்காலத்திலேயே விலகிவிட்டார்கள். ஒருவன் மரியாதைக்கு வந்து, கீழ்த்தோட்டத்து ஒயினை முகர்ந்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்று போனான். ஒடீல் கீழ்த்தோட்டத்தில் பாதியை விற்கப் போவதாகப் பேச்சு. கொடிக்காரர்கள் விருந்தில் அவளை வறுத்தெடுப்பதற்காக ஒரு பாட்டுகூடக் கட்டி வைத்திருந்தார்கள். அவள் போகவில்லை, அதனால் அவள் இல்லாமலே பாடினார்கள்.

விருந்து முடிந்த வாரத்தில் உறைபனி இறங்கியது. சரிவு முழுக்க ஆட்கள் கொடி வெட்டினார்கள். வெட்டின குச்சிகளை இரும்புத் தள்ளுவண்டியில் போட்டுக் கொளுத்திக்கொண்டே போவார்கள், புகை வரிசை வரிசையாக எழும். அன்று நானும் ஒடீலும் சூப்புக்குக் காய் அரிந்துகொண்டிருந்தோம். அனத்தோல் கொட்டகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டினது திதியே. அனத்தோலின் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தான். அனத்தோலின் மறுகையில் கத்தரி இருந்தது. மீசையில் பனி வெளுத்திருந்தது.

திதியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை.

"பெரியவரு ஒர்மெத்துல இருந்தாரு ஒடீல். வெடிஞ்சதும் போயிருப்பாரு போல. பாதி வரிசை வெட்டிட்டாரு. வெட்டுல ஒரு குத்தமும் இல்ல, என் ஆளுங்ககூட அவ்வளவு சுத்தமா வெட்ட மாட்டாங்க. ஆனா..." என்று நிறுத்தி, தரையைப் பார்த்தான். "குளிருது. கீழ விழுந்து கிழுந்து வச்சா? வீட்ல இருக்கட்டும்."

ஒடீல் சரி என்று தலையசைத்தாள். அனத்தோலை உள்ளே இழுக்கப் போனாள். அவன் அவள் கையை விலக்கிவிட்டுத் திதியேவின் கோட்டைப் பிடித்தான். ரகசியம் சொல்கிறவன் மாதிரி குனிந்தான். காது மந்தமானவன் பேசுகிற ரகசியம், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"திதியே, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அறுவடையில ஒன் வரிசைய அவ பறிச்சிட்டான்னு மனசுல வச்சுக்காத. அவளுக்கு இப்பல்லாம் நெனப்பு சரியில்ல. எங்க நிக்கிறோம்னே தெரியறதில்ல. வெளிய சொல்லிடாத, ஊருல சிரிப்பாங்க. நான்தான் கூடவே இருந்து பாத்துக்கிறேன்."

திதியே அனத்தோலைப் பார்த்தான். பிறகு கதவுக்குள் நின்ற ஒடீலைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன். யார் அன்றைக்கு ஆட்களை நிறுத்தியது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். விளங்கிவிட்டது என்பதற்காக எங்கள் ஊரில் யாரும் ஒர்மெத்தைத் திருப்பிக் கொடுத்துவிட மாட்டார்கள்.

ஒடீல் அனத்தோலை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கீழே மண்டியிட்டுப் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். பனியில் முடிச்சு இறுகிவிட்டிருந்தது. அனத்தோல் குனிந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"பயப்படாத," என்றான். "அவன் யாருகிட்டயும் சொல்ல மாட்டான்."

"சரி," என்றாள் ஒடீல்.